மூச்சுவிடும் என்ஜின்: இரட்டைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள்களின் பிரீதர் வரலாறு

மோட்டார் சைக்கிள் என்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸில் அடைபடும் காற்றையும் வாயுவையும் வெளியே விடும் வழிக்குப் பிரீதர் என்று பெயர். பார்வைக்கு அது விரல் பருமனுள்ள ஒரு குழாய்தான். ஆனால் பழைய இரட்டைச் சிலிண்டர் என்ஜின்களில் எண்ணெய் கசிகிறதா, சைலன்சரில் நீலப்புகை வருகிறதா, கேஸ்கட் தாங்குகிறதா என்பவற்றைப் பெருமளவு அந்தக் குழாயே தீர்மானித்தது. பிரித்தானியா, ஜெர்மனி, அமெரிக்கா, யப்பான் ஆகிய நாடுகளின் தொழிற்சாலைகள் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் இதன் அமைப்பைத் திரும்பத் திரும்ப மாற்றின. தொழிற்சாலைகள் விட்ட குறையைக் கராஜ்களும் வண்டி வைத்திருந்தவர்களும் தங்கள் கையால் சரிசெய்தார்கள்.

பிஸ்டனுக்குக் கீழே நடப்பது

பிஸ்டனின் மேற்பக்கத்தில் நடக்கும் எரிப்பைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அதே பிஸ்டனின் கீழ்ப்பக்கமும் ஒரு பம்ப் போல வேலை செய்கிறது. பிஸ்டன் இறங்கும்போது கிராங்க்கேஸில் உள்ள காற்று நெரிபடுகிறது. ஏறும்போது அங்கே வெற்றிடம் உண்டாகிறது. இதோடு, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எரிவாயுவில் ஒரு சிறு பகுதி கீழே வழிகிறது. அந்த வாயுவில் நீராவியும் கலந்திருக்கும். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாக உருவாகிறது. அதன் பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விட்டாலும், கிராங்க்கேஸுக்குள் வந்துசேரும் பங்கு எண்ணெயைக் கெடுக்கப் போதுமானது.

இந்தப் பம்ப் எவ்வளவு வலுவாக இயங்கும் என்பது இரண்டு பிஸ்டன்களும் எப்படி நகர்கின்றன என்பதைப் பொறுத்தது. பழைய பிரித்தானிய இரட்டைச் சிலிண்டர் என்ஜின்களில் கிராங்க் 360 பாகை அமைப்புடையது. இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். ஆகவே 500 சிசி என்ஜினில் ஒவ்வொரு சுற்றிலும் கிராங்க்கேஸின் கொள்ளளவு 500 சிசி கூடிக் குறைகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 50 தடவை. வழி முழுவதும் திறந்திருந்தால் நொடிக்கு 25 லீற்றர் காற்று வெளியே போய், அதே அளவு உள்ளே வரும். பி.எம்.டபிள்யூ.வின் பொக்ஸர் என்ஜினிலும் இதே நிலைதான். எதிரெதிராகப் படுத்திருக்கும் இரண்டு பிஸ்டன்களும் ஒரே நேரத்தில் வெளியே போய், ஒரே நேரத்தில் உள்ளே வருகின்றன. ஹார்லி-டேவிட்சனின் 45 பாகை வி-ட்வின் என்ஜினில் இந்த ஏற்ற இறக்கம் மொத்தக் கொள்ளளவில் சுமார் 92 சதவீதம். ஒரு பிஸ்டன் ஏறும்போது மற்றது இறங்கும் 180 பாகை அமைப்பில் மட்டும் இது பெரும்பாலும் தன்னைத்தானே சமன் செய்துகொள்கிறது.

அழுத்தம் போக வழியில்லாவிட்டால் அது தானே வழி தேடிக்கொள்ளும். கிராங்க்கேஸின் இரு பாதிகள் சேரும் இணைப்பு, புஷ்ரொட் குழாயின் அடி, ரொக்கர் பெட்டியின் மூடி, கியர் பக்க ஒயில் சீல் என்று பலவீனமான இடம் எதுவோ அங்கே எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வாயு வெளியேறும். பிரித்தானிய என்ஜின்களின் கிராங்க்கேஸ் நட்ட நடுவில் செங்குத்தாகப் பிளந்து பொருத்தப்பட்டது. எண்ணெய் தேங்கி நிற்கும் அடிப்பகுதியையும் அந்த இணைப்புக் கோடு கடந்து சென்றதால் கசிவுக்கு இடம் தாராளமாக இருந்தது.

எண்ணெயைச் செலவழித்த காலம்

தொடக்க கால மோட்டார் சைக்கிள்களில் கசிவு ஒரு குறையாகவே கருதப்படவில்லை. எண்ணெய் ஒரு முறை உள்ளே போனால் திரும்பி வராது. ஓட்டுநர் சில மைல்களுக்கு ஒரு தடவை கைப்பம்பை அழுத்தி கிராங்க்கேஸுக்குள் எண்ணெய் விடுவார். அது சிதறி உறுப்புகளை நனைத்து, ஒரு பகுதி எரிந்து, மீதி பிரீதர் வழியே வெளியேறும். அப்படி வெளியேறிய எண்ணெய்ப் புகையைச் செயினின் மேல் படும்படி குழாயைத் திருப்பிவிடுவதும் வழக்கம். பிரீதர் அந்நாளில் செயினுக்கு எண்ணெய் ஊட்டும் கருவியாகவும் இருந்தது.

தனித் தாங்கியிலிருந்து எண்ணெயைப் பம்ப் கொண்டுவந்து, பயன்பட்டபின் இன்னொரு பம்ப் திருப்பி அனுப்பும் முறை 1930களில் பரவலானபோது நிலைமை மாறியது. எண்ணெய் இப்போது என்ஜினுக்குள்ளேயே சுற்றிவர வேண்டும். வாயு வெளியே போக வேண்டும், எண்ணெய் உள்ளே நிற்க வேண்டும், கிராங்க்கேஸின் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். அழுத்தம் குறைவாக இருந்தால், கசியக்கூடிய இடத்திலும் காற்று உள்நோக்கித்தான் போகும்; எண்ணெய் வெளிவராது. பிரீதரின் பிற்கால மாற்றங்கள் எல்லாம் இந்த மூன்று தேவைகளையும் ஒன்றாக நிறைவேற்றும் முயற்சிகளே.

கேம்ஷாப்டோடு சுழன்ற தட்டு

எட்வர்ட் டேர்னர் வடிவமைத்த ட்ரயம்ப் ஸ்பீட் ட்வின் 1937இல் வெளிவந்தது. 498 சிசி, 63 மில்லிமீற்றர் விட்டம், 80 மில்லிமீற்றர் வீச்சு, 360 பாகை கிராங்க். அதன் பின் ஒரு தலைமுறைக் காலம் பெரும்பாலான பிரித்தானியத் தொழிற்சாலைகள் இந்த அச்சிலேயே இரட்டைச் சிலிண்டர் என்ஜின்களை வார்த்தன. பி.எஸ்.ஏ. 1946இல் ஏ7 வகையையும், நோர்ட்டன் 1948இன் இறுதியில் பேர்ட் ஹொப்வூட் வடிவமைத்த டொமினேட்டரையும் கொண்டுவந்தன.

ட்ரயம்ப் தேர்ந்தெடுத்த பிரீதர் நேரம் பார்த்துத் திறக்கும் வகையைச் சேர்ந்தது. உள்வாங்கு வால்வுகளை இயக்கும் கேம்ஷாப்டின் இடது முனையில் துளையுள்ள ஒரு சிறு தட்டு, சுருள்வில்லின் அழுத்தத்தில் உட்கார்ந்திருக்கும். கேம்ஷாப்டோடு அது சுழலும்போது, எதிரே அசையாமல் இருக்கும் துளைக்கு நேராக அதன் துளை வரும் நொடியில் வழி திறக்கும். கேம்ஷாப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுழல்வதால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை திறக்கத் தட்டில் இரண்டு துளைகள் வேண்டும். பிஸ்டன்கள் இறங்கும்போது திறந்து, ஏறும்போது மூடும். டொமினேட்டரிலும் கேம்ஷாப்டின் முனையிலேயே இப்படி ஒரு தட்டு இருந்தது. ஹார்லி-டேவிட்சன் 1936இல் வெளியிட்ட ஈ.எல். வகையில் இந்த வேலையைச் சுழலும் ஒரு பல்சக்கரம் செய்தது. வாயுவை வெளியே விடுவதோடு, கிராங்க்கேஸில் சேரும் எண்ணெயைத் திரும்ப அனுப்பவும் அது உதவியது. என்ஜினைப் பிரித்துப் பூட்டும் மெக்கானிக் அதன் பல்லில் உள்ள குறியைச் சரியாகச் சேர்க்காவிட்டால், என்ஜின் எண்ணெயைக் கக்கும்.

இந்த முறையின் பலவீனம் வேகம் கூடியபோது தெரிந்தது. துளைகள் சிறியவை, திறந்திருக்கும் நேரமும் குறைவு. 500 சிசிக்காக வகுத்த வழி 650க்கும் 750க்கும் போதவில்லை. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் வாயு நகரத் தொடங்கும் முன்பே தட்டு மூடிக்கொள்ளும். தட்டும் அதன் இருக்கையும் தேய்ந்தால் மூடவேண்டிய நேரத்தில் மூடாது. இதற்கிடையே ஏற்றுமதிச் சந்தை ஆண்டுதோறும் கூடுதல் கொள்ளளவும் கூடுதல் வேகமும் கேட்டது.

ரெடிச்சிலிருந்து திருவொற்றியூருக்கு

ரோயல் என்பீல்ட் வேறு வழியில் போனது. இங்கிலாந்தின் ரெடிச் நகரில் இருந்த அந்த நிறுவனம், எண்ணெய்த் தாங்கியைக் கிராங்க்கேஸ் வார்ப்போடு சேர்த்தே அமைத்தது. பிரீதருக்குக் கேம்ஷாப்ட் தேவைப்படவில்லை. கிராங்க்கேஸின் இடது பக்கத்தில் ஒரு சிறு கூடு. அதற்குள் இரண்டு துளைகள் கொண்ட தகடு. ஒவ்வொரு துளையின் மேலும் மெல்லிய எஃகு வில்லை ஒன்று தளர்வாகப் படுத்திருக்கும். உள்ளே அழுத்தம் கூடினால் வில்லைகள் எழும்பி வாயுவை விடும். வெற்றிடம் வந்தால் துளையோடு ஒட்டிக்கொண்டு காற்றைத் தடுக்கும். காற்றின் அழுத்தமே அவற்றைத் திறந்து மூடியது. நேரம் பார்த்து வைக்கவேண்டிய வேலை இல்லை. நகத்தளவு வில்லை ஒன்றில் தூசி ஒட்டினாலும் அது நெளிந்தாலும் போதும், கிராங்க்கேஸில் வெற்றிடம் நிற்காது. எண்ணெய் சிலிண்டருக்குள் ஏறி பிளக்கை நனைக்கும்.

1950களில் 692 சிசி மீட்டியர், 1958இல் கொன்ஸ்டலேஷன், 1962இல் 736 சிசி இன்டர்செப்டர் என்று இந்த நிறுவனத்தின் இரட்டைச் சிலிண்டர் என்ஜின்கள் பெருத்துக்கொண்டே போயின. கசிவும் கூடவே வந்தது. என்பீல்ட் என்ற பெயரையே எண்ணெய் வயல் என்று பொருள்படத் திரித்து அழைக்கும் பட்டப்பெயர் ஆங்கிலேயர் நாவில் நிலைத்தது.

தமிழ்நாட்டின் தொடர்பு இங்கே தொடங்குகிறது. 1955இல் ரெடிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்பீல்ட் இந்தியா நிறுவனத்தை உருவாக்கின. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் ஒற்றைச் சிலிண்டர் புல்லட் உருவானது. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் 1970இல் மூடப்பட்ட பின்னும் திருவொற்றியூர் நிற்கவில்லை. இந்தியப் புல்லட்டில் எஃகு வில்லைகளின் இடத்துக்கு ரப்பர் வந்தது. குழாயின் முனையில் வாத்தின் அலகு போலத் தட்டையான ஒரு ரப்பர் மூக்கு மாட்டப்பட்டது. வாயு தள்ளும்போது உதடுகள் பிரியும், இழுக்கும்போது சேர்ந்துகொள்ளும். ரப்பர் வெயிலில் காய்ந்து வெடித்தால் மூக்கு வெறும் துளையாகிவிடும். சில ரூபாய் விலையுள்ள அந்த மூக்கை மாற்றாமல், கேஸ்கட்டை மட்டும் மாற்றிச் செலவழித்த வண்டிக்காரர்கள் பலர்.

2018இல் ரோயல் என்பீல்ட் மீண்டும் இரட்டைச் சிலிண்டருக்குத் திரும்பி, 648 சிசி இன்டர்செப்டரைத் தமிழ்நாட்டிலேயே உற்பத்தி செய்தது. அதன் கிராங்க் 270 பாகை. இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக நகராததால் கிராங்க்கேஸின் ஏற்ற இறக்கம் 648இலிருந்து சுமார் 460 சிசியாகக் குறைகிறது.

தொழிற்சாலை தன் தவறைத் திருத்தியது

பிரித்தானியத் தொழிற்சாலைகள் தாமதமாகத்தான் விழித்துக்கொண்டன. ட்ரயம்ப் 650 சிசி வகைகளில் 1970ஆம் ஆண்டு மாற்றம் மிக முக்கியமானது. கேம்ஷாப்ட் முனைத் தட்டு முழுவதும் நீக்கப்பட்டது. இடது பக்கப் பிரதான பேரிங்குக்கு வெளியே இருந்த ஒயில் சீலை எடுத்துவிட்டு, கிராங்க்கேஸின் சுவரில் மூன்று சிறு துளைகள் இடப்பட்டன. வாயு பேரிங் வழியாக முதன்மைச் செயின் பெட்டிக்குள் வரும். அந்த விசாலமான இடத்தில் அதன் வேகம் தணியும். எண்ணெய்த் துளிகள் கீழே விழும். வாயு மட்டும் பெட்டியின் பின்பக்க உச்சியிலிருந்து பெரிய குழாய் வழியே போகும். விழுந்த எண்ணெய் மூன்று துளைகளின் உயரம் வரை தேங்கிச் செயினை நனைத்து, மிஞ்சியது என்ஜினுக்கே திரும்பும். செலவு மிகக் குறைந்த இந்த மாற்றத்தைப் பழைய 650களின் உரிமையாளர்கள் தாங்களே செய்துகொள்ளத் தொடங்கினர். சீலைக் கழற்றி, துளையிட்டு, பழைய குழாயை அடைத்தால் முடிந்தது. கிளட்ச் தட்டுகளின் தேய்மானத் தூள் என்ஜின் எண்ணெயில் கலப்பது ஒன்றுதான் இதன் பாதகம். எண்ணெயை அடிக்கடி மாற்றுவதே அதற்கு மருந்து.

நோர்ட்டன் கொமாண்டோவின் கதை சற்று வளைந்து வளைந்து சென்றது. 1967இல் அறிமுகமான இந்த 745 சிசி வண்டியில் முதலில் டொமினேட்டரின் சுழல்தட்டே இருந்தது. 1972இல் பிரீதர் கிராங்க்கேஸின் பின்பக்கத் தாழ்வான இடத்துக்கு மாறியது. எண்ணெய் அலையடிக்கும் இடமும் அதுவே. அதனால் 1973இல் அதை டைமிங் பெட்டியின் பின்பக்கத்துக்கு உயர்த்தி, அங்கிருந்து எண்ணெய்த் தாங்கிக்குக் குழாய் போட்டார்கள். ஆறு ஆண்டுக்குள் மூன்று இடங்கள்.

இந்த இடத்தில்தான் ரீட் வால்வு என்ற தீர்வு பழைய வண்டிக்காரர்களிடம் வேரூன்றியது. டூ-ஸ்ட்ரோக் என்ஜின்களில் உள்வாங்கலுக்குப் பயன்படும் மெல்லிய தகட்டு நாக்கையே பிரீதருக்கும் பொருத்துவது இதன் அடிப்படை. எடை மிகக் குறைவு என்பதால் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை அது திறந்து மூடும். முதல் சில சுற்றுகளில் கிராங்க்கேஸில் உள்ள காற்றில் ஒரு பகுதி வெளியேறிவிடும். திரும்பி வர முடியாததால், அதன்பின் வளையங்களைத் தாண்டி வரும் வாயு மட்டுமே போகவேண்டியிருக்கும். நொடிக்கு 25 லீற்றர் என்ற போக்குவரத்து சிறு கசிவாகச் சுருங்கிவிடும். பி.எம்.டபிள்யூ.வும் தன் பொக்ஸர்களில் இதே பாதையில் வந்தது. முதலில் சுழல்தட்டு, 1970களில் சுருள்வில்லோடு டக் டக்கென்று அடிக்கும் வட்டத் தட்டு, 1980களின் தொடக்கத்தில் ரீட் வால்வு.

வால்வைக் கிராங்க்கேஸுக்கு எவ்வளவு அருகில் வைக்கிறார்களோ அவ்வளவு நல்லது. ஒரு மீற்றர் குழாயின் மறுமுனையில் வைத்தால், குழாயில் உள்ள காற்றே சுருங்கி விரிந்து வால்வின் வேலையைக் கெடுக்கும். வெற்றிடம் அளவுக்கு மீறினாலும் கேடுதான். தேய்ந்த சீல்களின் வழியே தூசி உள்ளே இழுபடும்.

யப்பானின் வரவும் இலங்கைச் சாலைகளும்

யப்பானிய நிறுவனங்கள் கிராங்க்கேஸைக் கிடையாகப் பிளந்தன. இணைப்புக் கோடு பெரும்பாலும் எண்ணெய் மட்டத்துக்கு மேலே வந்ததால் கசிவின் ஒரு பெரிய காரணம் பிறப்பிலேயே ஒழிந்தது. 1965இல் வந்த 444 சிசி ஹோண்டா சிபி450 கிராங்கை 180 பாகையில் வைத்ததால் பம்ப் வேலையும் குறைந்தது. சட்டமும் பின்னாலேயே வந்தது. 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் கார்களின் கிராங்க்கேஸ் வாயுவை வெளியே விடாமல் என்ஜினுக்கே திருப்பி எரிக்கும் முறை புகுத்தப்பட்டது. மோட்டார் சைக்கிள்களிலும் பிரீதர்க் குழாய் தரையை நோக்கித் தொங்குவது நின்று காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் நுழைந்தது.

இலங்கையில் 1977இன் பொருளாதாரத் திறப்புக்குப் பின் யப்பானியப் பழைய வண்டிகள் ஏராளமாக வந்திறங்கின. அவற்றில் ஹோண்டா சிடி125 பென்லியும் 194 சிசி சிடி200உம் இரட்டைச் சிலிண்டர்கள். சிடி125இன் ஒவ்வொரு சிலிண்டரும் 44 மில்லிமீற்றர் விட்டமும் 41 மில்லிமீற்றர் வீச்சும் கொண்ட சிறிய குடுவை. ஆனால் கிராங்க் 360 பாகை. ட்ரயம்பின் அதே மூச்சு, சிறிய மார்பில். வளையங்கள் நல்ல நிலையில் இருக்கும்வரை அதன் பிரீதரைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. பல்லாயிரம் கிலோமீற்றர் ஓடி வளையம் தேய்ந்ததும், குழாய் முனையில் புகையும், வடிகட்டிப் பெட்டிக்குள் எண்ணெய்க் குளமும் தோன்றும்.

களப்போரத்தில்

இலங்கையின் புத்தளம் போன்ற கரையோரம் பிரீதருக்குச் சோதனைக் களம். பாலாவியில் பிரிந்து நுரைச்சோலை வழியாகக் கற்பிட்டி வரை சுமார் 40 கிலோமீற்றர் நீளும் சாலை, ஒரு பக்கம் களப்பும் மறுபக்கம் கடலுமான மணல் நிலத்தில் ஓடுகிறது. வெயிலும் வறண்ட காற்றும் உப்பளத்துக்கு வரம். நிறுத்திவைத்த என்ஜினுக்கு அல்ல. ஓடிக் களைத்து 100 பாகைச் சூட்டில் நிற்கும் என்ஜின், இரவில் 30 பாகைக்கு ஆறும்போது உள்ளிருக்கும் காற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்றின் ஈரமும் உப்பும் திறந்த குழாய் வழியே உள்ளே வரும். விடியலில் கடைத்தெரு வரை போய்த் திரும்பும் குறுகிய ஓட்டத்தில் என்ஜின் சூடேறாது, நீர் ஆவியாகாது. ரொக்கர் மூடியைத் திறந்தால் உட்புறம் பால்தேநீர் நிறத்தில் குழம்பிய எண்ணெய் அப்பியிருக்கும். குழாயின் திறந்த வாயில் குளவி மண்கூடு கட்டினாலோ கேடு இன்னும் பெரிது. மூச்சு முற்றாக அடைபட்டு, சீல் பிதுங்கிய பிறகே விஷயம் தெரியவரும்.

இத்தகைய கரையோரங்களுக்கு ஏற்ற அமைப்பை மேற்சொன்ன வரலாறே கற்றுத்தருகிறது. அகலமான குழாய் வேண்டும். அகலம் கூடினால் வாயுவின் வேகம் குறைந்து எண்ணெய் திரும்பி வழியும். குழாய் என்ஜினிலிருந்து முதலில் மேல்நோக்கி ஏற வேண்டும். நடுவில் தொய்வு இருந்தால் அங்கே நீர் தேங்கி வழியை அடைக்கும். கிராங்க்கேஸுக்கு அருகில் ஒருவழி வால்வு இருந்தால் இரவில் ஈரக்காற்று நுழைவதும் குறையும். வழியில் ஒரு சிறு குப்பி வைத்தால் எண்ணெயும் நீரும் அதில் தங்கும். கடைசி முனைக்கு வலை அல்லது நுரைப்பஞ்சு போட்டால் குளவி வராது. எந்த மாற்றத்தையும் வார்ப்பில் துளை போடாமல் செய்ய முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். கழற்றிய பழைய உறுப்பைப் பத்திரப்படுத்தவும் வேண்டும். பழைய வண்டியின் மதிப்பு அதன் வார்ப்பு சேதப்படாமல் இருப்பதிலும் இருக்கிறது.

மாற்றம் பலித்ததா என்று அறிய விலைகூடிய கருவி தேவையில்லை. ஒளிபுகும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைப் பாதிவரை நீர் ஊற்றி வளைத்து, ஒரு முனையை எண்ணெய் அளவுகோல் துளை போன்ற ஒரு வாயில் காற்றுப் புகாமல் இணைத்தால் போதும். என்ஜின் ஓடும்போது நீர் என்ஜின் பக்கம் இழுபட்டால் உள்ளே வெற்றிடம். பிரீதர் வேலை செய்கிறது. எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டால் வழி போதவில்லை, அல்லது வளையம் தேய்ந்துவிட்டது. வளையம் தேய்ந்த என்ஜினை எந்தப் பிரீதரும் காப்பாற்றாது. வளையம் நன்றாக இருந்தும் எண்ணெய் கசிந்தால், புதுக் கேஸ்கட் வாங்கும் முன் மூச்சுக் குழாயைக் கழற்றி ஊதிப் பார்ப்பதே முதல் வேலை.